சும்மா கிடக்கிற நிலம்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் காஞ்சிரங்குளம் கண்மாயில் நாரைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப்பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்மாய், கழி (கடல்நீர் உள்ளே ஏறி நிற்கும் இடம்), கடலோரம் பற்றி வந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் 31 வருடம் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். அப்பா ஊர் கடலாடிப் பக்கம், கண்மாய்க்கரை. அம்மா பிறந்தது வாலிநோக்கம் பக்கம், கடற்கரை. பள்ளி விடுமுறையில் பாதி நாள் கண்மாயிலும் மீதி நாள் கழியிலும் கிடப்பேன். பாடப்புத்தகத்தில் படித்ததைவிட அங்கே படித்ததுதான் இன்றைக்கும் கை கொடுக்கிறது.

ஈரநிலம் என்றால் பள்ளிக்கரணை மாதிரி சதுப்பு நிலம்தானே மேடம்? ராமநாதபுரம் வறண்ட மாவட்டம் என்றுதான் படித்திருக்கிறோம். இங்கே ஈரநிலம் எங்கே இருக்கிறது?
கல்லூரி மாணவர், பரமக்குடி

வறண்ட மாவட்டமாக இருப்பதால்தான் தம்பி, இங்கே இத்தனை கண்மாய். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, கொஞ்சம் மார்கழி. அந்த இரண்டரை மாத மழையை வைத்துக்கொண்டு மிச்ச வருடத்தை ஓட்ட வேண்டும். வைகை நம் பக்கம் வரும்போது முக்கால்வாசி மணல்தான். வருகிற தண்ணீரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்ந்துவிடும். ஆகவே முன்னோர்கள் பள்ளம் பார்த்துக் கரை போட்டு, ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகிற மாதிரி சங்கிலியாக அமைத்தார்கள். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒரு கண்மாயின் அகலத்தைச் சொல்ல அந்த ஊர்க்காரர்களுக்கு நாரைதான் அளவுகோலாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

சதுப்பு நிலம் ஈரநிலத்தில் ஒரு வகை, அவ்வளவுதான். 1971 பிப்ரவரி 2ஆம் தேதி ஈரான் நாட்டில் ராம்சார் என்ற ஊரில் கூடிப் பல நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தியா 1982இல் சேர்ந்தது. அதன் கணக்கில் ஏரி, குளம், ஆறு, கழி, உப்பளம், நெல்வயல் எல்லாமே ஈரநிலம். மனிதர் வெட்டியதும் சேர்த்தி. கடல்கூட உண்டு: வற்றத்தின்போது, அதாவது கடல் உள்வாங்கி நிற்கும்போது, 6 மீட்டர் ஆழத்துக்கு மேற்போகாத கடல் ஈரநிலக் கணக்கில் வரும். கடலுக்குப் போகிறவர்கள் பேச்சில் சொன்னால் மூன்று பாகத்துக்குக் கொஞ்சம் கூட. அப்படிப் பார்த்தால் நம் கரையோரப் பவளப்பாறையும் கடற்புல் வெளியும் ஈரநிலம்தான்.

2022இல் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மன்னார் வளைகுடா மூன்றும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் சேர்ந்தன. அத்தோடு தமிழ்நாட்டின் கணக்கு 20 ஆனது. அந்த இருபதில் ஐந்தில் நம் மாவட்டத்துக்குப் பங்கு உண்டு. வறண்ட மாவட்டம் என்று இனி யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஈரநிலம், பறவை என்று எழுதுகிறீர்கள் டீச்சர். எங்கள் கண்மாய் மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தில்தான் கோயில் திருவிழாவுக்கே காசு வருகிறது. பறவை இறங்கினால் மீன் மிஞ்சாது. ஆழப்படுத்தச் சொன்னால் பறவை இருக்கிறது என்கிறார்கள். பறவைக்கு இருக்கிற மரியாதை சம்சாரிக்கு இல்லையா?
மிளகாய் விவசாயி, முதுகுளத்தூர் வட்டம்

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைதான் நானும். கண்மாய் பெருகினால் சோறு, பெருகாவிட்டால் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பு என்று வளர்ந்த வீடு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாரை எப்போது கூடு கட்டும் என்று கவனித்திருப்பீர்கள். கண்மாய்க்குள் இருக்கிற நாட்டுக்கருவேல மரத்தின் அடியில் தண்ணீர் நிற்க வேண்டும். நின்றால்தான் நாயும் நரியும் கீரியும் மரத்துக்கு வராது. மஞ்சள்மூக்கு நாரைக்கு முட்டை பொரிக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஆக மூன்று மாதத்துக்குத் தண்ணீர் வற்றக்கூடாது. நம் நெல்லுக்கும் ஏறக்குறைய அதே மூன்று மாதம்தான். கண்மாயில் நாரை தங்கினால் அந்த வருடம் கதிர் அறுத்துவிடலாம் என்று அப்பா சொல்வார். பாதிக் கூட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினால் முகம் சுருங்கிவிடும். மழைமானி இல்லாத ஊரில் அதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு.

அடுத்தது எச்சம். கூடு கட்டின பறவைகள் தங்கும் கண்மாயில் மட்டும் தின்பதில்லை. காலையில் கிளம்பிச் சுற்றுவட்டாரத்துக் கண்மாய், வயல், கடலோரக் கழி என்று மேய்ந்துவிட்டு வந்து, குஞ்சுக்குக் கக்கிக் கொடுக்கும். எச்சம் மட்டும் நம் கண்மாயில் விழும். பல ஊர்த் தீனி உங்கள் ஊர் மடைவழியாக உங்கள் வயலுக்கு உரமாகப் போகிறது. கூடு இருக்கிற வருடம் மடைத் தண்ணீர் பச்சையாக, ஒரு வாடையோடு வருமே, அதுதான். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு அப்பா உரம் குறைத்துத்தான் போடுவார். கோடையில் வண்டி கட்டி அடிக்கிற கரம்பையிலும் (கண்மாய் வண்டல்) அந்தச் சத்துதான் படிந்திருக்கிறது. முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும். அந்த மிளகாய் விளைகிற நிலங்களில் பலவும் தலைமுறை தலைமுறையாகக் கரம்பை வாங்கின நிலம்தான். (ஒன்று: அந்தப் பச்சைத் தண்ணீர் குடிக்க ஆகாது. ஊருணியைத் தனியாக வெட்டி, ஆடுமாடுகூட இறங்காமல் வைத்தது அதற்காகத்தான்.)

சரி, மீனுக்கு வருவோம். உங்கள் கோபம் இங்கே முழுக்க நியாயம். ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளைப் பொடிசாகக் கொண்டுவந்து விட்டால் அதில் பெரும்பங்கு பறவைக்குத்தான் போகும். விரல் நீளத்துக்கு மேல் வளர்த்து விட்டால் இழப்பு குறையும். அது போதாது. சரணாலயம் என்று அறிவித்த கண்மாயில் ஏலம் நின்றுபோனால், ஊர்ப் பொதுக்கணக்குக்கு அந்தத் தொகையை அரசு வருடாவருடம் தர வேண்டும். ஊர்க்காரர்கள் தங்கள் வருமானத்தை விட்டுக்கொடுத்துத்தான் உலகப் பட்டியலில் பெயர் வாங்க வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. இதை நான் அதிகாரிகள் இருந்த கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன்.

ஆழப்படுத்துவது பற்றி. தூர் வாருவதைப் பறவை தடுக்கவில்லை. எப்படி வாருகிறார்கள் என்பதுதான் விஷயம். கரையை ஒட்டி, மடைக்கு முன்னால் வண்டலை எடுங்கள். கண்மாயின் அடியில் இருக்கிற களியைக் கிழித்துக்கொண்டு மணல் தெரிகிற வரை தோண்டினால் தண்ணீர் கீழே ஓடிவிடும். சம்சாரிக்கும் இல்லை, பறவைக்கும் இல்லை. உள்வாய்ப் பக்கம் முழங்கால் ஆழம் இருக்கிற இடத்தை அப்படியே விடுங்கள். நாரை நீந்தாது, நடந்துதான் மீன் பிடிக்கும். நடுவில் மண்திட்டுகளும் அவற்றில் நாட்டுக்கருவேலமும் இருக்கட்டும்.

எங்கள் ஊர்க் கண்மாயில் நடந்ததைச் சொன்னால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும். சீமைக்கருவேலத்தை எடுக்க ஒருவர் ஒப்பந்தம் எடுத்தார். பொக்லைன் வந்தது. வரவேற்று மோர் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலத்தோடு நாட்டுக்கருவேலமும் வேரோடு கிடந்தது. திட்டுகளையும் சமன் செய்துவிட்டார்கள். 'ரெண்டும் முள்ளுதானே' என்றார் வண்டி ஓட்டின பையன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவனுக்கு யாரும் காட்டித் தரவில்லை. அடுத்த மழைக்குக் கண்மாய் நிறைந்தது. நாரை வட்டமடித்துவிட்டுப் போய்விட்டது. அதற்கடுத்த வருடமும் அப்படியே. இப்போது நட்டிருக்கிற கன்றுகள் என் இடுப்பு உயரம் வந்திருக்கின்றன. உங்கள் ஊரில் வேலை தொடங்கும் முன், நிற்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பில் ஒரு பட்டை அடித்துவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது, வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டி. தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. கூட்டில் இருக்கிற குஞ்சு பயந்து தண்ணீரில் விழுந்துவிடும் என்பதற்காக, பெரியவர்கள் காலத்திலிருந்தே அப்படி. நாம் பறவைக்கு மரியாதை கொடுப்பது புதிதாக யாரோ வந்து சொல்லிக்கொடுத்ததில்லை ஐயா.

எங்கள் மாமியார் காலத்தில் கை எட்டும் ஆழத்தில் நல்ல தண்ணீர். இப்போது மோட்டார் போட்டு அரை மணி நேரத்தில் உப்புக் கரிக்கிறது. நாலாபக்கமும் கடல் இருக்கிற தீவில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது? இப்போது எங்கே போனது?
இல்லத்தரசி, தங்கச்சிமடம்

தங்கச்சி, தனுஷ்கோடிப் பக்கம் பெண்கள் கடலுக்கு நூறு அடி தூரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் மோந்து குடத்தில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் தடவை அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடித்தபோது எனக்குப் பத்து வயது. இளநீர் மாதிரி இருந்தது. கடல் அலைச் சத்தம் காதில் கேட்கிறது, வாயில் நல்ல தண்ணீர். அன்றைக்கு வந்த ஆச்சரியம் இன்னும் போகவில்லை.

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்கு உப்புத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நிறைய உப்புப் போட்டு. அதன்மேல் கரண்டியின் முதுகுவழியாக மெல்ல மஞ்சள் கலந்த நல்ல தண்ணீரை விடுங்கள். மேலேயே நிற்கும். நல்ல தண்ணீர் கனம் குறைவு. உங்கள் தீவுக்கு அடியிலும் இதேதான். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கிற கடல்நீரின்மேல் ஒரு குமிழி போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி உயரம் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது இதற்கான கணக்கு. திருப்பிப் படியுங்கள்: மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறிவிடும். மோட்டார் வைத்து வேகமாக உறிஞ்சும்போது அந்த இடத்தில் உப்புத் தண்ணீர் கூம்பு போல மேலெழும்பி வருகிறது. கையால் இறைத்த காலத்தில் குமிழிக்கு ஆறுவதற்கு நேரம் இருந்தது.

அந்தக் குமிழியை நிரப்புவது எது? மணல்மேடும், மேட்டுக்கு நடுவே மழைக்குத் தண்ணீர் தேங்குகிற பள்ளமும்தான். அந்தப் பள்ளம்தான் உங்கள் ஊரின் கண்மாய். அதில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மனைபோட்டு, மேட்டு மணலை லாரியில் ஏற்றினால், மேலே விழுகிற மழை ரோட்டுவழியே கடலுக்குப் போய்விடும். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று எந்தெந்த ஊருக்கெல்லாம் போகிறது! அத்தனை நாற்றங்காலும் இந்தக் குமிழியை நம்பித்தான் இருக்கிறது.

உங்களால் செய்ய முடிந்தது: மோட்டாரை ஒரேயடியாக ஓட விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு எடுங்கள். ஆழ்துளை போடச் சொல்லி யார் சொன்னாலும் போடாதீர்கள். ஆழத்தில் உப்புதான் இருக்கிறது. கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் மணல் குழியில் விடுங்கள். அப்புறம் உங்கள் தெருவில் எந்தப் பள்ளத்தில் கார்த்திகையில் தவளை கத்துகிறதோ, அந்தப் பள்ளத்தை யாரும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவாடானைக் கடற்கரையில் எங்களுக்குப் பூர்வீகமாக ஆறு ஏக்கர் உவர் நிலம் சும்மா கிடக்கிறது. ஒரு பக்கம் கண்டல் காடு (அலையாத்திக் காடு). இறால் பண்ணைக்குக் குத்தகை கேட்கிறார்கள். நான் துபாயில் இருக்கிறேன், அப்பா என்னிடம் முடிவை விட்டுவிட்டார். கொடுக்கலாமா?
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

கொடுக்காதீர்கள் தம்பி. உங்கள் காசுக்கு நான் வழி சொல்ல முடியாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

நிலம் சும்மா கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு நாள் விடியற்காலையில் கடல் ஏற்றத்தின்போது அங்கே போய் நில்லுங்கள். தண்ணீர் ஓடைவழியே உள்ளே ஏறும். கூடவே கண்ணாடி போல இறால் குஞ்சு, மடவைக் குஞ்சு, கொடுவாக் குஞ்சு வரும். கண்டல் வேரிடுக்கில் பெரிய மீன் நுழைய முடியாது. அதனால் குஞ்சுகளுக்கு அதுதான் தொட்டில். உதிர்ந்த இலையை நண்டு இழுத்துக்கொண்டு போய்த் தின்னும். நண்டு விட்ட மிச்சம் மட்கி, அதைப் பொடிப் புழுக்களும் இறாலும் தின்னும். வற்றத்தில் சேறு தெரியும்போது உள்ளான்கள் வந்து இறங்கும். கொசு உள்ளான் என்று ஒன்று, சிட்டுக்குருவி அளவுதான்; வட துருவத்தை ஒட்டிய நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு நம் சேற்றுக்கு வந்து குளிர்காலம் கழிக்கிறது. அது திரும்பிப் போவதற்கு வேண்டிய கொழுப்பைச் சேர்ப்பது இப்படிப்பட்ட 'சும்மா' நிலத்தில்தான். உங்கள் ஊர்க்காரர் கடலில் பிடிக்கிற இறாலும் மீனும் நிறைய இந்த ஆறு ஏக்கர் மாதிரி இடங்களில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவை.

பண்ணைக்காக நிலத்தை வெட்டிக் கரை போட்டு உப்புத் தண்ணீரை மாதக்கணக்கில் தேக்கினால், அது பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் கசியும். எங்கள் உறவினர் ஊரில் ஒரு குடிதண்ணீர்க் கிணறு இரண்டே வருடத்தில் அப்படிப் போனது. பண்ணை போட்டவர் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து நட்டப்பட்டு விட்டுவிட்டுப் போய்விட்டார். கிணறு இன்னும் உப்பாகத்தான் இருக்கிறது. பெண்கள் இப்போது குடம் பத்து ரூபாய்க்கு வண்டித் தண்ணீர் வாங்குகிறார்கள்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விவசாய நிலம், உப்பளம், கண்டல் காடு, ஈரநிலம் ஆகியவற்றை இறால் பண்ணையாக மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா. காந்தியவழி நடந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவின் கணவர். 2005இல் இதற்கென்று தனிச்சட்டம் வந்து, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யாமல் கடலோரத்தில் பண்ணை நடத்தக்கூடாது என்றானது. குத்தகை கேட்கிறவரிடம் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அநேகமாகப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நிலத்தை என்ன செய்வது என்றால், காரங்காட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். வருகிறவர்களுக்கு ஊர்ப் பெண்கள் கடல் சாப்பாடு சமைத்துத் தருகிறார்கள். அங்கே கண்டல் இலையை ஒன்று பறித்து நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் வடிகட்டியது போக மிஞ்சின உப்பை இலைவழியே வெளியே தள்ளுகிற மரம் அது. சேற்றில் காற்று கிடையாது என்பதால் மூச்சு விடுவதற்காகவே வேரைப் பென்சில் பென்சிலாக மேலே நீட்டியிருக்கும். மண் தகுதியாக இருந்தால் உங்கள் நிலத்திலும் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்கும்படி செய்து கண்டல் வளர்க்கலாம். வனத்துறையைக் கேளுங்கள். உங்கள் அப்பாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சின்ன வயதில் அங்கே நண்டு பிடிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

ஆவுளியா என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையிலேயே அப்படி ஒரு கடல் பிராணி இருக்கிறதா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?
மீன் வியாபாரி, தொண்டி

இருக்கிறது. கடற்பசு என்று புத்தகத்தில் போடுவார்கள். நான் உயிரோடு பார்த்ததில்லை. எட்டாவது படிக்கும்போது அம்மா ஊர்க் கரையில் ஒன்று வலையில் மாட்டிச் செத்து ஒதுங்கியது. கன்றுக்குப் பால் கொடுக்கும் தாய். அதன் மார்பைப் பார்த்துவிட்டு எங்கள் பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ஊரில் கறி பங்கு போட்டார்கள். பாட்டி வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் விலங்கியல் படிக்கப் போனதற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

அது தின்பது கடற்புல் ஒன்றைத்தான். நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல். கடற்புல் பாசி வகை இல்லை. வேர், இலை, பூ எல்லாம் உள்ள செடி, கடலுக்கடியில் பூக்கிறது. நீங்கள் விற்கிற ஓரா மீனும் அந்தப் புல்வெளியில்தான் மேய்கிறது. வெளிச்சம் படுகிற தெளிந்த, ஆழமில்லாத தண்ணீரில்தான் அது வளரும். அதனால் அமைதியான பாக் விரிகுடா அதற்குத் தோதாக இருக்கிறது. தனுஷ்கோடிக்காரர்கள் அதைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வது சும்மா இல்லை. அடிமட்டத்தை வாரிக்கொண்டு போகிற மடிவலை ஒரு தடவை போனால் புல் வேரோடு போய்விடும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் இதுதான் முதல். கடலில் எல்லைக்கல் கிடையாது. தொண்டிக்கும் அது வரும். வலையில் மாட்டினால் அறுத்து விட்டுவிடச் சொல்லுங்கள். அறுந்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது என்பதையும் கரையில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

எங்க ஊர்ல கோதண்டராமர் கோயில் போற ரோட்டுப் பக்கம் பூநாரை நிக்குது. அது ஏன் தலைகீழா சாப்பிடுது? ஏன் சிலது மட்டும் ரோஸ் கலரா இருக்கு? அது முட்டையே இங்க போட மாட்டேங்குதே, ஏன்?
ஏழாம் வகுப்பு மாணவி, ராமேசுவரம்

கண்ணு, மூன்றுமே நல்ல கேள்வி. எங்கள் வகுப்பில் இருந்திருந்தால் உன்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன்.

அதன் அலகு நடுவில் வளைந்திருக்கும். தலையைக் கவிழ்த்தால்தான் அலகு தரைக்கு மட்டமாக வரும். நாக்கைப் பம்பு மாதிரி ஆட்டிச் சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்பு போல இருப்பதில் பொடி இறாலும் பாசியும் புழுவும் தங்கிவிடும். உங்கள் அம்மா அரிசி களைகிற மாதிரிதான். அந்தப் பாசியிலும் இறாலிலும் கேரட்டில் இருக்கிற வகைச் சாயம் இருக்கிறது. அதைத் தின்னத் தின்னச் சிறகு சிவக்கிறது. சாம்பல் நிறமாக நிற்பது குட்டிப் பூநாரை. இன்னும் சில வருடம் சாப்பிட வேண்டும்.

முட்டை போட அது குஜராத்தில் கட்ச் பாலைக்கு, ரான் என்கிற உப்புச் சேற்று வெளிக்குப் போகிறது. சேற்றைக் குவித்துச் சின்னப் பானை மாதிரி மேடு கட்டி, உச்சியில் ஒரே ஒரு முட்டை இடும். பறவை அறிஞர் சாலிம் அலி 1945இல் அங்கே போய் அந்தக் கூடுகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆள் நடமாட்டமே இல்லாத இடம் அதற்கு வேண்டும். உங்கள் ஊருக்கு வருவது சாப்பிட. தனுஷ்கோடியில் 500 ஹெக்டேருக்கு மேல் பூநாரைச் சரணாலயம் என்று 2025இல் அரசு அறிவித்ததே, அது அவற்றின் சாப்பாட்டு மேசை என்று வைத்துக்கொள்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அது காலை மடக்கும்போது முழங்கால் பின்பக்கம் வளைகிற மாதிரி தெரியும். அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே சிறகுக்குள் மறைந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அப்பாவோடு போய், ரோட்டிலேயே நின்று, கிட்டே போகாமல் பார். எத்தனை நிற்கிறது, அதில் எத்தனை சாம்பல் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. மாசி முடிகிற வரை வாராவாரம் எழுதி எனக்கு அனுப்பு. வாலிநோக்கம் உப்பளத்தில் நான் எண்ணுகிறேன்.